அக்கா கூப்பிடுகிறாள், விசாவும் இருக்கிறது: வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போகலாமா?

கடிதத்தின் சுருக்கம்

திருச்சிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகருக்கு வயது 43. தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் பிரிவு விரிவுரையாளர். மனைவி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மகள் பிளஸ் ஒன், மகன் ஆறாம் வகுப்பு. அப்பா இல்லை, 71 வயது அம்மா இவர்களோடுதான் இருக்கிறார். உடன்பிறந்தவர் ஒரே அக்கா. கல்யாணமாகி அமெரிக்கா போனவர், இப்போது நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் அமெரிக்கக் குடியுரிமையோடு இருக்கிறார்.

போன கோடை விடுமுறையில் நால்வரும் சுற்றுலா விசாவில் போய் ஐந்து வாரம் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறார்கள். கடிதத்தின் முதல் பாதி முழுக்க அங்கே பார்த்ததுதான். பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கைப் போட்டதும் சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் அப்படியே நின்றுவிடுகின்றன, ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. ஊர் நூலகத்தில் இவருடைய மகன் கை நிறையப் புத்தகங்களை அள்ளியபோது அங்கே பணியிலிருந்த பெண்மணி முகம் சுளிக்காமல் ஒரு பையையும் கொடுத்து அனுப்பினார். குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர் சொந்த வேனில் வந்து இறங்கினார்; அத்தான் அவரோடு கை குலுக்கினார், உட்காரவைத்துக் காபி கொடுத்தார், வேலை முடிந்ததும் 280 டாலர் கொடுத்தார். "எங்கள் ஊரில் குழாய் வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. என் மாணவர்களில் பலர் அந்த மாதிரி வேலைகளுக்குத்தான் போகிறார்கள். அந்தக் கைகுலுக்கல் என் மனதை விட்டுப் போகவில்லை" என்று எழுதுகிறார்.

திரும்பி வந்ததிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. சம்பளமும் சில மாதங்களாகப் பாக்கி. அங்கே கோயிலில் அறிமுகமான ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "உங்க விசாதான் பத்து வருஷத்துக்கு இருக்கே, தனியா கிளம்பி வாங்க. பெட்ரோல் பங்கில் வேலை வாங்கித் தர்றேன், சம்பளம் கையில. அப்புறம் உள்ளேயிருந்தே ஸ்டேட்டஸ் மாத்திக்கலாம், பிள்ளைங்களையும் ஸ்கூல்ல சேர்த்துடலாம். என்னிக்காவது பொதுமன்னிப்பு வராமலா போகும்?" அக்காவோ, "நானே மனுப் போடறேன், இல்லேன்னா அம்மாவை முதல்ல கூப்பிட்டுக்கிறேன், அம்மா மூலமா நீ வந்துடுடா" என்கிறார். இதற்கிடையில் திருச்சியில் ஓர் ஏஜெண்ட், மனைவிக்கு அமெரிக்க மருத்துவமனையில் வேலையும் கிரீன் கார்டும் வாங்கித் தருவதாக 14 லட்சம் கேட்கிறார். அதற்காக ஒரு மனையை விற்க விலையும் பேசியாயிற்று. இவர் டிசம்பரில் ராஜினாமா செய்வதாக இருக்கிறார். "இந்த வழிகளில் எது சீக்கிரம் பலிக்கும்?" என்பது கேள்வி.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ராஜினாமா கடிதத்தை எழுதியிருந்தால் அதை மேசைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மனைக்கு முன்பணம் வாங்கவில்லையென்றால் வாங்காதீர்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். நான் குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். எதையும் தாக்கல் செய்யும் முன் உங்கள் ஆவணங்களை நேரில் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

நீங்கள் பார்த்தவை எதுவும் பொய்யில்லை. பள்ளிப் பேருந்துக்காக வண்டிகள் நிற்பதும், நூலகமும், அந்தக் கைகுலுக்கலும் உண்மைதான். அதைப் பார்த்து ஆசைப்பட்டதற்கு யாரும் உங்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த பிளம்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் அந்த வேலையைச் சொந்தமாகச் செய்யப் பல ஆண்டுப் பயிற்சியும் மாநில உரிமமும் வேண்டும். வேனில் உரிம எண் எழுதியிருக்கும், கையில் காப்பீடு இருக்கும். பேசிய கூலியைத் தராவிட்டால் அவர் நேரே நீதிமன்றம் போவார். மரியாதைக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் பெட்ரோல் பங்க் வேலையில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வேலை எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற மாநிலங்களில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்க் ஊழியர்தான் போட வேண்டும். அதனால் ஒவ்வொரு பங்கிலும் ஆள் தேவை. பனியிலும் வெயிலிலும் நிற்கும் அந்த வேலைக்கு முறையான குடிவரவுக் காகிதம் இல்லாதவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் நம்மவர்களும் உண்டு. காகிதம் இல்லாவிட்டாலும் செய்த வேலைக்குக் கூலி கேட்கும் உரிமையைச் சட்டம் கொடுத்துத்தான் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்கப் போனால் தன்னையே பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. சம்பளப் பாக்கியால் நொந்துபோய்த்தான் ஊரை விட்டுக் கிளம்ப நினைக்கிறீர்கள். அங்கே பாக்கி விழுந்தால் வாய்விட்டுக் கேட்கக்கூட முடியாத இடத்தில் போய் நிற்பீர்கள்.

விசா பத்து ஆண்டு, தங்குவது பத்து ஆண்டு அல்ல

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பத்து ஆண்டு விசா, அந்தப் பத்து ஆண்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் விமான நிலைய வாசலில் போய் நின்று "உள்ளே விடுங்கள்" என்று கேட்கலாம் என்பதற்கான அனுமதி. உள்ளே விடுவதா, எத்தனை நாளைக்கு என்பதை அங்கே இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். சுற்றுலா விசாவுக்குப் பொதுவாக ஆறு மாதம் தருவார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். நாள் கணக்கு முழுக்க அதை வைத்துத்தான், விசாவில் அச்சிட்ட தேதியை வைத்து அல்ல. கெடு முடியும் முன் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சரியான காரணம் வேண்டும், அது கிடைத்தாலும் வேலை பார்க்கும் உரிமை வராது.

அந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலே உங்கள் பத்து ஆண்டு விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு திரும்ப முடியாது. ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்து ஆண்டு. இது 1996இல் வந்த சட்டம். எத்தனை அதிபர்கள் மாறியும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு ஆபத்து அதற்கும் முன்னாலேயே, நெவார்க் விமான நிலையத்தில் காத்திருக்கிறது. தனியாக, டிசம்பரில், வேலையை ராஜினாமா செய்துவிட்டு வருகிற 43 வயதுக்காரரிடம் அதிகாரி ஏன் வந்தீர்கள் என்று கேட்பார். கைப்பேசியைக் கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. "பங்க்ல சொல்லி வெச்சிருக்கேன்" என்று ஒரு வாட்ஸாப் செய்தி அதில் இருந்தால் போதும். நீதிபதி முன் போகாமலேயே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்பினால் குறைந்தது ஐந்து ஆண்டுத் தடை. சுற்றிப் பார்க்க வந்தேன் என்று பொய் சொன்னதாகப் பதிவானால் அது வாழ்நாள் தடையாகவே நிற்கலாம். அதற்கு விலக்கு கேட்க வேண்டுமென்றால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மனைவியோ பெற்றோரோ அங்கே இருக்க வேண்டும். அக்கா இந்தக் கணக்கில் வரமாட்டார்.

கோயிலில் அவர் சொன்னதில் பாதி உண்மை

"உள்ளேயிருந்தே மாற்றிக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னது காற்றில் பிறந்த பேச்சு இல்லை. யாரோ ஒருவருடைய அம்மா சுற்றுலா விசாவில் வந்து, அங்கேயே கிரீன் கார்டு வாங்கியிருப்பார். அது நடக்கும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்குச் சட்டம் தனி இடம் கொடுத்திருக்கிறது: வரிசை கிடையாது, முறைப்படி நுழைந்திருந்தால் கெடு தாண்டித் தங்கியதுகூடப் பொதுவாக மன்னிக்கப்படும். தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை. கெடு தாண்டிய தம்பி, வரிசை வந்தாலும் உள்ளேயிருந்து மாற்றிக்கொள்ள முடியாது; வெளியே வர வேண்டும், வந்த நொடியில் அந்தப் பத்து ஆண்டுத் தடை விழும். அம்மாக்களுக்கு உள்ள சட்டத்தைத் தம்பிகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார் உங்கள் நண்பர். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்.

பொதுமன்னிப்பு என்பது 1986இல் அதிபர் ரீகன் காலத்தில் ஒருமுறை வந்தது. சுமார் 27 லட்சம் பேர் அதில் கிரீன் கார்டு பெற்றார்கள். அதுவும் பெரும்பாலும் 1982க்கு முன்பே வந்து தங்கியிருந்தவர்களுக்கு. அதற்குப் பிறகு அந்த அளவில் ஒன்று வரவேயில்லை. "அடுத்த தேர்தலுக்கு அப்புறம்" என்று காத்திருந்தே நரைத்துப்போனவர்கள் எங்கள் அலுவலகங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு, 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கியதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றி: பள்ளி சேர்த்துக்கொள்ளும். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி எந்த அரசுப் பள்ளியும் குடிவரவுக் காகிதத்தைக் காரணம் காட்டிக் குழந்தையை மறுக்க முடியாது. ஆனால் சுற்றுலா விசாவில் வந்த குழந்தை அங்கே பள்ளிக்குப் போவது விசா நிபந்தனையை மீறுவது. பள்ளி கேட்காததை, நாளைக்கு மாணவர் விசாவுக்குப் போகும்போது தூதரகம் கேட்கும். 18 வயதுக்கு முன் கெடு தாண்டி இருந்த நாட்கள் தடைக் கணக்கில் சேராது என்பது ஓர் ஆறுதல். உங்கள் மகளுக்கோ 18 நெருங்கிவிட்டது. இங்கே பிளஸ் டூ எழுதி ஒழுங்காகக் கல்லூரிக்குப் போக வேண்டிய பெண்ணை, வேலை பார்க்கும் உரிமையில்லாமல் எடிசனில் ஓர் அறையில் உட்காரவைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட இது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அக்கா மனுப் போட்டால்

போடட்டும். இந்த வருடமே போடட்டும். ஆனால் எதற்காக என்று தெளிவோடு போடட்டும்.

குடியுரிமை பெற்ற அக்கா உங்களுக்காக ஐ-130 என்ற மனுவைத் தாக்கல் செய்யலாம். கட்டணம் 600 டாலர் சொச்சம். இது உடன்பிறந்தவர்களுக்கான நான்காவது குடும்பப் பிரிவு. உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 இடம். உங்களோடு வரும் மனைவியும் பிள்ளைகளும் அதே எண்ணிக்கைக்குள்தான். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு வேறு. 2025 இறுதியில் வெளியான பட்டியல்களில் இந்தியாவுக்கு 2006இல் போட்ட மனுக்கள்தான் நடந்துகொண்டிருந்தன. அதாவது 19 ஆண்டு பின்னால். வரிசை வருடத்துக்கு ஒரு வருடம் என்று சீராக நகர்வதும் இல்லை. இன்று போட்டால் உங்களுக்கு 62, 63 வயதுக்கு மேல் வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது பிள்ளைகள்? உங்களோடு சேர்ந்து வர அவர்கள் 21 வயதுக்குள் இருக்க வேண்டும், மணமாகாமலும் இருக்க வேண்டும். மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. குடிவரவு அலுவலகம் இந்த மனுக்களை ஆண்டுக் கணக்கில் கிடப்பில் போடுவதால் சில குடும்பங்களுக்கு அது எதிர்பாராத நன்மையாகவும் முடிகிறது. உங்கள் மகனுக்குக் கை கொடுத்தாலும் கொடுக்கலாம். மகளை நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஆக, இந்த மனு உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில், அக்காவோடு போய் இருக்கலாம் என்ற வாய்ப்பு. பிள்ளைகளின் எதிர்காலத்துக்கான திட்டம் இது இல்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அடுத்த முறை நீங்களோ மனைவியோ சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, உங்களுக்காகக் குடியேற்ற மனு ஏதாவது போடப்பட்டிருக்கிறதா என்று படிவத்தில் கேட்பார்கள். ஆம் என்றுதான் எழுத வேண்டும். சுற்றுலா விசா கேட்கும் எவரும் குடியேறத்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டே சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. மனு இருப்பது அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கனமாக்கும். ஆனாலும் மனுவைப் போட்டுவிட்டு, போய், குறித்த தேதிக்குள் திரும்பி வந்துகொண்டே இருக்கும் தம்பிகளும் தங்கைகளும் நிறைய இருக்கிறார்கள். கையில் விசாவும், ஒழுங்காகத் திரும்பி வந்த பதிவும் இருக்கும் உங்களுக்கு இந்த ஆபத்து பெரிதில்லை என்றே நினைக்கிறேன்.

அம்மா மூலமாக

அக்கா சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை, கணக்கு தடுக்கிறது. அம்மாவுக்கு வரிசை இல்லை. ஓராண்டு, இரண்டாண்டில் கிரீன் கார்டு வந்துவிடலாம். ஆனால் கிரீன் கார்டு மட்டும் உள்ள அம்மா, கல்யாணமான மகனுக்கு மனுப் போட முடியாது. அதற்கு அவர் குடியுரிமை பெற வேண்டும், அதற்கு ஐந்து ஆண்டு அங்கே வாழ வேண்டும். அப்போது அம்மாவுக்கு 77, 78 வயது. பிறகு அவர் போடும் மனு மூன்றாவது பிரிவில் சேரும். அதில் 2025 இறுதியில் 2011ஆம் ஆண்டு மனுக்கள் நடந்துகொண்டிருந்தன. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அக்கா நேரே போடும் மனுவைவிடச் சீக்கிரம் இல்லை. சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: மனுப் போட்டவர் இடையில் காலமானால் அந்த மனுவும் பொதுவாக அதோடு முடிந்துவிடும். 90 வயதைத் தாண்டி அம்மா இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது வேறு, அதை நம்பிக் குடும்பத்துக்குத் திட்டம் போடுவது வேறு.

அம்மாவை யாராவது கேட்டீர்களா? நான்கு பக்கக் கடிதத்தில் அம்மாவுக்கு அங்கே போக விருப்பமா என்று ஒரு வரி இல்லை. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போனபிறகு, கார் ஓட்டத் தெரியாதவருக்கு எடிசன் புறநகரில் ஒரு நாள் என்பது சன்னலும் தொலைக்காட்சியும்தான். நம்மவர் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலையில் கீரையும் முருங்கைக்காயும் கிடைக்கும், உண்மைதான். கூட்டிக்கொண்டு போக சனிக்கிழமை வர வேண்டும். மருத்துவச் செலவு அடுத்தது. கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகுதான் மெடிகேர் என்ற முதியோர் காப்பீட்டில் சேர முடியும். அங்கே வேலை பார்த்து வரி கட்டியிராதவர் மருத்துவமனைப் பகுதிக்கு மட்டும் மாதம் 500 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். அதுவரைக்கும் அக்காதான் காப்பீடு வாங்க வேண்டும். அவர் வீட்டின் சொத்து வரி எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நியூ ஜெர்சியில் சராசரியே ஆண்டுக்கு 10,000 டாலரை ஒட்டி வருகிறது. விருந்தாளி வந்திருக்கும்போது யாரும் இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் எடுத்துவைக்க மாட்டார்கள்.

கிரீன் கார்டை வாங்கிவைத்துக்கொண்டு பெரும்பாலும் திருச்சியில் இருக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அதுவும் நடக்காது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி வரும். முன் அனுமதி இல்லாமல் ஒரு வருடம் தாண்டினால் அட்டையை விட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஊரில் வரும் வாடகை, வங்கி வட்டி எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் கணக்குக் காட்டவும் வேண்டும். அம்மா அடிக்கடி மகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவருக்கும் சுற்றுலா விசாவே பொருத்தம்.

நர்ஸ் வேலை, 14 லட்சம், மற்ற வழிகள்

உங்கள் குடும்பத்தில் அமெரிக்காவுக்கு உண்மையாகவே தேவைப்படும் தகுதி உங்கள் மனைவியிடம்தான் இருக்கிறது. நர்ஸ்கள் போன்ற சிலருக்கு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் நீண்ட கட்டத்தைச் சட்டம் விலக்கியிருக்கிறது. அதைத்தான் ஏஜெண்டுகள் "உடனே கிரீன் கார்டு" என்று விற்கிறார்கள். விலக்கியது அந்த ஒரு கட்டத்தை மட்டும். இந்தியர்களுக்கான வரிசையை அல்ல. அந்தப் பிரிவிலும் 2025 இறுதியில் 2013ஆம் ஆண்டு மனுக்களே நடந்தன.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடலாம். பதிவு செய்தவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 14 லட்சம் என்ற தொகையே பதில் சொல்லிவிட்டது. மனைவிக்கு ஆர்வம் இருந்தால் முதலில் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதட்டும். இந்தியாவிலேயே எழுதலாம், ஏஜெண்ட் தேவையில்லை. தேறினால் சான்று அவர் கையில் இருக்கும், பிறகு எந்த நாடு என்று யோசிக்கலாம். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களைப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. அங்கே விசாரிப்பதில் நஷ்டம் இல்லை. அரசு வேலையை மட்டும் அவர் இப்போது விட வேண்டாம்.

உங்களுக்கு எச்-1பி என்ற வேலை விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால்: 2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனத்தின்படி, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைப் புதிதாக அதில் கூட்டிவர நிறுவனம் பொதுவாக 1,00,000 டாலர் கட்ட வேண்டும். உங்களுக்காக அதைக் கட்டப்போகும் நிறுவனம் இருந்தால் அதுவே உங்களைத் தேடி வரும். கிரீன் கார்டு லாட்டரியில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமே இல்லை. ஐந்து ஆண்டில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடுகளைச் சட்டம் விலக்கிவைத்திருக்கிறது. "லாட்டரி போட்டுத் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்கள் திருச்சியிலும் இருப்பார்கள், எச்சரிக்கையாக இருங்கள். முதலீட்டு வழி 8,00,000 டாலரில் தொடங்குகிறது; உங்கள் மனை அதற்குப் போதாது.

மகளுக்குத்தான் நியாயமான வழி ஒன்று இருக்கிறது. இங்கே நல்ல கல்லூரியில் இளங்கலை முடிக்கட்டும், பிறகு முதுகலைக்கு மாணவர் விசாவில் போகட்டும். செலவு பாதியாகும், அந்த வயதில் அவளே முடிவு செய்யும் பக்குவமும் வந்திருக்கும். அறிவியல், பொறியியல் படித்தால் படிப்புக்குப் பிறகு இன்றைய விதிப்படி 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும் அங்கே வேலை பார்க்கலாம். அதற்கு மேல் நடப்பது அவளுடைய திறமையும் அன்றைய சட்டமும். "அவள் போனால் நம்மைக் கூப்பிட்டுக்கொள்வாள்" என்ற கணக்கை அவள் தலையில் வைக்காதீர்கள். அந்த விசா நேர்காணலில், அப்பா முன்பு கெடு தாண்டித் தங்கியவர் என்ற பதிவு இருந்தால் அது அவளுக்குத்தான் இடிக்கும்.

இப்போது செய்ய வேண்டியது

சம்பளப் பாக்கிக்கு இங்கேயே வழி தேடுங்கள். வேறு கல்லூரி, ஏதாவது தொழிற்சாலையின் பயிற்சி மையம் என்று 43 வயதில் உங்களுக்குப் பல கதவுகள் இருக்கின்றன. புது வேலை கையில் வந்தபிறகு பழையதை விடுங்கள். அந்த நண்பருக்கு வர இயலாது என்று நேரில் பேசும்போது சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து விடுமுறையில் மறுபடி போய் வாருங்கள். குறித்த தேதிக்கு முன் திரும்புங்கள்.

அக்காவின் மனுவுக்கு இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும், இரண்டிலும் பெற்றோர் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உங்கள் வயதுக்காரர்களின் பிறப்புப் பதிவில் பெரும்பாலும் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். அப்படியிருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். பதிவே இல்லையென்றால் இல்லை என்று ஒரு சான்று வாங்கி, உங்கள் பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர் இருவரின் பிரமாணப் பத்திரத்தையும் பள்ளிச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். அக்காவின் ஆவணத்தில் அப்பா பெயர் விரிவாகவும் உங்களுடையதில் இனிஷியலாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி தேவைப்படும். இவற்றை அம்மாவும் சித்தப்பா, பெரியப்பாக்களும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மனுப் போட்டதும் ஒரு ரசீது வரும், அதில் இருக்கும் தேதிதான் வரிசையில் உங்கள் இடம். அதன் நகல் அக்காவிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று இருக்கட்டும். அக்கா வீடு மாறினால் புது முகவரியை உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பதில் வராத மனு என்று மூடப்படுவது நடக்கிற விஷயம்.